கழற்றிப் பார்ப்போம் தோழர்களே!

எங்க ஊர் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் அங்கே களைவெட்டும் மிஷின் நின்னுபோனா, விவசாயி உடனே புதுசு வாங்க முடியுமா? கார்புரேட்டரைக் கழற்றி, டயாஃப்ரத்தை மாற்றித்தான் ஓட்டணும்.

கோவை கரிவர்தன் 1988-இல் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரைப் படைத்தார். நாமோ, 'ரெகுலேட்டர் போச்சா? தூக்கிப் போடு'ன்னு பழகிட்டோம்!

கார்புரேட்டர் பந்தயக் காரின் எரிபொருள் ரெகுலேட்டருக்குள் என்ன இருக்கு? ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு வால்வு. பல கார்புரேட்டர்களுக்கு 3 முதல் 6 பி.எஸ்.ஐ. போதும். அழுத்தம் மிஞ்சினால் நீடில் மூடாது, பெட்ரோல் வழியும், சூடான எஞ்சினில் பட்டால் தீ!

டயாஃப்ரம் ஏன் கெட்டது? தூசியா? எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பியதா? காரணம் தெரியாமல் புதுசு மாட்டினால் அதுவும் கெடும். பேட்டரியைக் கழற்றி, அழுத்தத்தை இறக்கி, பிரித்துப் பார்த்து, புது டயாஃப்ரம் போட்டு, கேஜ் வைத்துச் சரிபார்ப்பவனே டெக்னீஷியன்.

லேபில் ஆளுக்கொரு ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுவோம். சிந்திப்பீர்!