பெண்களும் பாரம் தூக்கும் பயிற்சியும்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் நமது திருத்தணி மலையில் என்ன பார்க்கின்றோம்? 365 படிகளையும் பெண்கள் தலையில் பால் குடத்துடனும், இடுப்பில் பிள்ளையுடனும் ஏறுகின்றார்கள். அப்பொழுது எந்த வைதீகரும் “ஐயோ, பெண் சரீரம் தாங்குமா?” என்று கேட்டதில்லை. அதே பெண் வீட்டில் ஐந்து கிலோ இரும்பைத் தூக்கினால் மாத்திரம் கருப்பை இறங்கிவிடும், மீசை முளைத்துவிடும், மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்கின்றார்கள். குடத்திற்கு இறங்காத கருப்பை இரும்புக்கு மாத்திரம் இறங்குவானேன்? (பிள்ளை பெற்று அதிக நாளாகாதவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குவது நியாயமே. அது வைத்தியம், இவர்கள் பேசுவது வைத்தியமல்ல.)

ஆந்திர தேசத்துச் சீகாகுளம் ஜில்லாக்காரரான கர்ணம் மல்லேஸ்வரி 2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு தூக்கிலுமாக 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. பெண்களுக்குப் பளு தூக்கும் போட்டியை ஒலிம்பிக்கில் வைத்ததே அவ்வருஷந்தான். அடுத்த வருஷம் அவர் பிள்ளையும் பெற்றார்.

“எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் சுமக்கின்றார்களே, போதாதா?” என்பார் சிலர். போதாது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியென்றால் பாரம் கொஞ்சங் கொஞ்சமாய் ஏறவேண்டும். நடுவில் ஓய்வு வேண்டும். தின்னப் பருப்பும் முட்டையும் வேண்டும். நமது பெண்களுக்கோ ஓய்வுமில்லை. முட்டையோ ஆண்பிள்ளைகள் தின்றது போக மிச்சமிருந்தால் உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாய் வலுவிழக்கின்றது. பாட்டி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவது அதனாலேயே. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலமூட்டும் பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்னது ஆண்களுக்கு மாத்திரமல்ல.

இப்பொழுது கைப்பேசியிலேயே பயிற்சி கற்றுக்கொடுக்கின்றார்கள். படமாய்ப் பிடித்துப் போட்ட பாடம் இனாம். ஆனால் உங்கள் முதுகு வளைகின்றதா என்று அது பார்க்காது. நேரில் பார்த்துச் சொல்லும் பாடத்தில் ஆசிரியர் திருத்துவார். அதற்குப் பணமும் குறித்த நேரமும் வேண்டும், அந்நேரம் பெரும்பாலும் அடுப்பு நேரமாய் இருக்கும். மூன்றாவது, எத்தனை தடவை, எவ்வளவு பாரமென்று எழுதிக் கொடுக்கும் அட்டவணை. செய்ததை நோட்டில் குறித்து, தூக்குவதைப் படமெடுத்து அனுப்பினால் குற்றங்குறை சொல்லுவார்கள். முதல் சில வாரம் நேர்ப் பாடத்தில் முறை கற்று, பிறகு அட்டவணைக்கு மாறுவதே நமது அபிப்பிராயம். பாட்டுப் போட்டுக் குதிப்பது நெஞ்சுக்கு நல்லது. ஆனால் பாரம் ஏறாவிட்டால் பலமும் ஏறாது.

“பத்து நாளில் தொப்பை கரையும்” என்பவர்களோ தாயத்துக்காரனின் தம்பிகள். வயிற்றை ஆட்டினால் வயிற்றுக் கொழுப்பு மாத்திரம் கரையுமென்பது பொய். அடுத்த மாதம் பாரம் எவ்வளவு ஏறுமென்று கேளுங்கள். பதில் சொல்லாதவனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரும்பு வாங்க முடியாதவர்கள் ஐந்து கிலோ அரிசிப் பையில் ஆரம்பிக்கலாம். ஆனால் கைப்பேசி பெண் கையில் இருக்கவேண்டுமே! அதே கணக்கின்படி, தாமே உபயோகிக்கும் கைப்பேசியுள்ள பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். கூட்டத்தில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் தோழர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகின்றார்கள்?