கள்ளக்குறிச்சியிலிருந்து வாழ்த்துகள்!

சென்னையில் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சிப் பையனிடம் 'எந்த ஊருப்பா?' என்று கேட்டுப் பாருங்கள். 'விழுப்புரம் பக்கம் சார்' என்பான். 2019 நவம்பரிலேயே விழுப்புரத்தை விட்டுப் பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் ஊர்ப் பெயர் வாயில் வராது. சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன பிறகு அவன் ஊருக்கு ஒரே அடையாளம்தான். 'ஓ, அந்த ஊரா?'

அந்தப் பையனிடம் ஓர் அமெரிக்க ரெக்கார்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. 'சாராயச் சாவுக்கும் ராக் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

1972. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு 22 வயது. கொலம்பியா கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்கிறது. பாப் டிலனைக் கண்டெடுத்த அதே ஜான் ஹாமண்ட்தான் இவரையும் கொண்டுவந்தவர். கம்பெனிக்காரர்கள் இவரை நியூயார்க் பாடகர் என்று சொல்லி விற்கப் பார்த்தார்கள். இவரோ பக்கத்து மாநிலமான நியூஜெர்ஸிக்காரர். சென்னைக்காரர்கள் செங்கல்பட்டைத் தாண்டினாலே எல்லாம் பட்டிக்காடு என்கிறார்களே, நியூஜெர்ஸி மீது நியூயார்க்குக்கு அதே இளப்பம் உண்டு. ஸ்பிரிங்ஸ்டீன் என்ன செய்தார்? கடற்கரைக் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற ஒரு போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டு போய், 'இதுதான் அட்டைப்படம்' என்றார். 'ஆஸ்பரி பார்க்கிலிருந்து வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த கார்டு. ஆல்பத்தின் பெயரும் அதுவே.

ஆஸ்பரி பார்க் அப்போது பெருமைப்படுகிற மாதிரியா இருந்தது? பழைய பவிசெல்லாம் போய் நொடித்துக் கிடந்த கடற்கரை ஊர். வேலையும் வீடும் கிடைக்காத கறுப்பின மக்களின் கோபம் 1970 ஜூலையில் கலவரமாக வெடித்து, கடைகள் எரிந்தன. அமெரிக்காவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் நெருப்பும் புகையும்தான் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒருவன் தன் முதல் ரெக்கார்டின் நெற்றியில் அந்தப் பெயரை ஒட்டினான்.

1973 ஜனவரியில் ஆல்பம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மொத்தத்தில் அது பிரமாதமான ரெக்கார்டு இல்லை. ஒன்பது பாட்டு, பாதியில் மூச்சு விட இடமில்லாமல் வார்த்தைகளைத் திணித்திருக்கிறார். எதுகை கிடைத்துவிட்டால் மனுஷர் எதையும் எழுதுவார். முதல் வருஷத்தில் சுமார் 25,000 பிரதிதான் விற்றதாம். அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆனது உண்மை. ஆனால் அது நடந்தது 1977ல், பாடியது மேன்ஃப்ரெட் மேன் என்ற வேறொருவரின் குழு. கம்பெனி மட்டும் இவரைக் கழற்றிவிடவில்லை. 1975ல் மூன்றாவது ஆல்பம் வந்ததும் ஊர் உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு பாட்டு ஓடவில்லை என்றால் ஆளையே மறந்துவிடுகிற நம்மூர் கம்பெனிகள் கவனிக்க.

ஊர்ப் பெயரை முன்னால் வைப்பதை நமக்கு ஒரு அமெரிக்கக்காரன் சொல்லித்தர வேண்டுமா? அரியக்குடி, செம்மங்குடி, திருவாவடுதுறை, காருகுறிச்சி... ஊரைச் சொன்னாலே போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும். வித்வானின் ஊர் அவருக்குக் கிரீடமாக இருந்தது. சினிமா மைக் வந்ததும் கதை மாறியது. பின்னணிப் பாடகருக்கு ஊர் வேண்டியதில்லை. கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா போன்ற சிலருக்கு ஊர் உண்டு. அதுகூட கிரீடமாக இல்லை. 'இது கிராமத்துப் பாட்டி' என்று விலைச்சீட்டு மாதிரி தொங்கியது.

அவர்களுக்காவது பெயர் கிடைத்தது. இப்போது கல்வராயன் மலைக்கு வாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. அங்கிருக்கும் மலையாளிப் பழங்குடிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். நிஜத்தில் மலையை ஆண்டது ஜாகீர்தார்கள். அவர்கள் பிடியிலிருந்து மலை முழுமையாக விடுபட்டது 1976ல்தான். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்து! ஜனங்களுக்குத் தனியாகச் சொல்ல வேறென்ன இருந்தது? பாட்டு இருந்தது. சரி, அந்த மலையில் பாடுகிற ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாது, இல்லையா? சாராய ஊறல் அழிப்பு, லிட்டர் கணக்கு எல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். கருணாபுரத்தில் ஆளைக் கொன்ற மெத்தனால் மலையில் காய்ச்சியதல்ல, ஆலைகளில் புழங்குகிற ரசாயனம். ஆனாலும் பழி மலைக்கும் சேர்த்துத்தான். கல்வராயன் மக்களின் நிலையை விசாரிக்க சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது 2024 ஜூலையில். அதற்கு அத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

பாட்டுச் சேகரிக்க மலை ஏறுகிறவர்கள் பலரும் ஒரு சௌகரியமான வார்த்தை வைத்திருக்கிறார்கள். 'மரபுப் பாடல்'. கேட்டால், 'இது எல்லாருக்கும் பொது சார், தனியாக யாருக்கும் சொந்தமில்லை' என்பார்கள். அப்படியா? ஹாமண்ட் கண்டெடுத்த டிலனின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962ல் வந்தது. பதின்மூன்று பாட்டு. அதில் டிலன் எழுதியது இரண்டே இரண்டு. பாக்கியெல்லாம் பழைய நாட்டுப்பாடல், ப்ளூஸ், அடுத்தவர் பாட்டு. அட்டையில் யார் பெயர்? 'பாப் டிலன்'. யாராவது 'மரபுப் பாடல்கள்' என்று போட்டு அந்த இருபது வயதுப் பையனின் பெயரை அழித்தார்களா? பழைய பாட்டை அமெரிக்கப் பையன் பாடினால் அது அவனுடைய முதல் ஆல்பம். கல்வராயன் கிழவி பாடினால் அது மரபு. என்ன நியாயம் இது?

பாட்டு பொதுவாக இருக்கலாம் சார். தொண்டை பொதுவில்லை. அதைச் சட்டமே சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, பாடியவரை 'இன்னார் பாடியது' என்று அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பொதுச்சொத்து என்று கைவிரிக்கிறவர்கள் சௌகரியமாக இதை மறந்துவிடுகிறார்கள்.

அரசாங்கத்துக்கு ஊர்ப் பெயரின் மதிப்பு தெரியாது என்றும் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செதுக்கிவிட்டு அந்தப் பெயரில் விற்றால் குற்றம். ரொம்ப சந்தோஷம். மரத்துக்குக் காட்டிய அக்கறையை மலையில் பாடுகிற மனுஷிக்கும் காட்டலாமே?

ரொம்பப் பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. கோடை விழா என்று மலையில் பந்தல் போடுகிறீர்களே, அந்த மேடையில் ஒரு மணி நேரம் மலைக்காரர்கள் பாடட்டும். ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர், அவருடைய ஊர், கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது. அட்டையில் மெகம் அருவியோ அமைச்சர் படமோ வேண்டாம். கொட்டை எழுத்தில் 'கல்வராயன் மலையிலிருந்து வாழ்த்துகள்' என்று போடுங்கள். 25,000 பிரதிகூட விற்காது என்கிறீர்களா? விற்க வேண்டாம். முதல் பிரதிக்கு நான் பணம் அனுப்பத் தயார்.