சாக வேண்டிய செல் சாகலைன்னா...

கல்வராயன் மலையில மழை பெஞ்சா கள்ளக்குறிச்சிப் பக்கம் குட்டை, வயல் எல்லாம் தலைப்பிரட்டைதான். அது தவளையாகும்போது வால் அறுந்து விழறதில்லை மக்களே. தைராய்டு ஹார்மோன் உத்தரவு போட, வாலில் உள்ள செல்கள் தாமாகவே செத்துக் கரைகின்றன.

நம்ம கையும் அதே கதைதான். கருவில் முதலில் துடுப்பு மாதிரி ஒரு தட்டை. 6-லிருந்து 8 வாரத்துக்குள் நடுவில் இருக்கும் செல்கள் செத்து, விரல்கள் பிரிகின்றன. கோழிக்கால்லயும் இப்படித்தான். வாத்துக்கு அவ்வளவா சாகாததால சவ்வு நின்னுடுது. செல்களின் இந்தச் சாவை ஜீன்கள் நடத்துவதைக் கண்டுபிடிச்சதுக்கு 2002-ல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

ஆனா ஊர்ல விரல் ஒட்டிப் பொறந்த குழந்தையைப் பார்த்தா, "கிரகணத்தப்ப வெளிய வந்திருப்பா"ன்னு பெத்தவ மேலதான் பழி. சாக வேண்டிய செல்கள் சாகலை, அவ்ளோதான். பெரும்பாலும் ஆபரேஷன்ல பிரிச்சிடலாம். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

செல் பிரியறதைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கற பள்ளிக்கூடம், செல் சாகறதையும் சொல்லணும்ங்கறது என் கட்சி. லேப் கூட வேண்டாம், ஒரு தலைப்பிரட்டை போதும்.