தேடுவதும் ஒரு சோதனைதான்

வெந்நீர், குளிர்ந்த நீரைவிட விரைவில் உறையுமா? உறையும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். உறையாது என்று வேறு சிலர் வாதாடுவார்கள். யார் சொல்வதை நம்புவது? ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடிப் பார்ப்பதே சரியான வழி. அதற்கென்றே கணிப்பொறித் தரவுத்தளங்கள் உள்ளன. கூகுள் ஸ்காலரில் எவரும் இலவசமாகத் தேடலாம். ஆனால் தேடும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வியை அப்படியே எழுதிவிட்டு, முதலில் வரும் கட்டுரையோடு நின்றுவிடுவது தேடல் ஆகாது. முதலில் கேள்வியைக் கருத்துகளாகப் பிரியுங்கள். இங்கே ‘வெந்நீர்’, ‘உறைதல்’ என இரண்டு கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் கட்டுரை எழுதுவோர் கையாளக்கூடிய ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிடுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ என்று இணைத்தால் வலை விரியும். வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ என்று இணைத்தால் வலை சுருங்கும். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். ‘நாட்’ என்பதை மட்டும் அளந்து பயன்படுத்துங்கள். வேண்டாததோடு வேண்டியதையும் அது தள்ளிவிடும். கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய தர்க்க இயற்கணிதமே இதற்கு அடிப்படை.

இவ்வளவு செய்தும் முக்கியமான கட்டுரை நழுவிப் போகலாம். இன்றைய டான்சானியாவில், 1963-இல், எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்தபோது சூடான பால் கலவை முந்தி உறைவதைக் கண்டார். பின்னர் பேராசிரியர் ஆஸ்போர்னுடன் சேர்ந்து 1969-இல் ‘ஃபிசிக்ஸ் எஜுகேஷன்’ இதழில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பு என்ன தெரியுமா? ‘கூல்?’ என்ற ஒரே சொல்! அதில் வெந்நீரும் இல்லை, உறைதலும் இல்லை. தலைப்புகளில் மட்டும் தேடுபவருக்கு அது எப்படி அகப்படும்?

இங்கே கைகொடுப்பது மேற்கோள் சங்கிலி. கிடைத்த கட்டுரையின் இறுதியில் உள்ள பட்டியல் உங்களைப் பின்னோக்கி, பழைய கட்டுரைகளுக்கு அழைத்துச் செல்லும். ‘சைட்டட் பை’ என்ற இணைப்பு முன்னோக்கி, புதியவற்றுக்கு அழைத்துச் செல்லும். அப்படி முன்னே சென்றால் பரிட்ஜ், லிண்டன் இருவரும் 2016-இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைக் காணலாம். ம்பெம்பா விளைவுக்குத் தக்க சான்று இல்லை என்கிறார்கள் அவர்கள். வெப்பமானியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே முடிவு தலைகீழாகத் தோன்றக்கூடும் என்றும் காட்டுகிறார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

‘கேட்டால் கணிப்பொறியே விடை சொல்லிவிடுகிறதே’ என்பீர்கள். சொல்லட்டும். அந்த விடை எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது, அதை மறுத்தவர் உண்டா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையதே.

என் கருத்தில், தேடலின் தலையாய உத்தி ஆண்டும் அல்ல, ஆரும் அல்ல. நம் நம்பிக்கைக்கு எதிரான கட்டுரையைத் தேடுவதுதான். திருகு அளவியில் சுழிப்பிழையைப் பார்க்காமல் நாம் அளவெடுப்பதில்லை. தேடலில் நம் முன்முடிவே சுழிப்பிழை. அதைத் திருத்திக்கொள்ளாமல் நூறு கட்டுரைகளைச் சேர்த்தாலும் பயனில்லை. அடுத்த செயல்திட்டத்தில், உங்கள் முடிவை ஆதரிக்கும் கட்டுரை ஒன்றோடு, மறுக்கும் கட்டுரை ஒன்றையும் தேடிச் சேருங்கள். அதன் பிறகு முடிவை எழுதுங்கள்.