முதல் நாலு நிமிஷம் நம் கையில்!

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பிய ஆலைத் தொழிலாளி சோற்றுக்கு முன் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து விடுகிறார். பம்புசெட்டைத் தொட்ட விவசாயத் தொழிலாளி மின்சாரம் தாக்கி விழுகிறார். வீட்டார் அலறுகிறார்கள். தெருவே கூடுகிறது. ஒருவர் விசிறுகிறார், ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார், இன்னொருவர் வாயில் சோடாவை ஊற்றுகிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது டாக்டர் கையை விரிக்கிறார். “விதி” என்று சொல்லி அழுதுவிட்டு எல்லோரும் கலைகிறார்கள்.

எல்லாச் சாவும் விதியல்ல என்று நாம் சொல்கிறோம்.

இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போவது நிற்கிறது. நாலைந்து நிமிஷங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதை அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்குள் அது வயற்காட்டுக் குடிசைக்கோ, ஆலை லைன் வீட்டுக்கோ வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியுமா? அந்த நேரம் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஆளைத் தொடக்கூடாது. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் தாமதிக்கலாகாது. இடையிடையே திணறி இழுப்பது மூச்சல்ல. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர் ஆளைக் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் உடல் பாரத்தால் அழுத்த வேண்டும். வளர்ந்தவருக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மறுபடி எழும்ப விட வேண்டும். களைத்தால் ஆள் மாறலாம், நிறுத்தக்கூடாது. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு ஊதவும் வேண்டும். அதை நேரில் பழகித்தான் கற்க வேண்டும்.

டாக்டர்கள் சி.பி.ஆர். என்று சொல்லும் முறை இதுதான். நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், இரு கைகள் போதும். உழைக்கும் மக்களிடம் இல்லாத பொருளா அது?

டென்மார்க்கில் 2005-ல் இது பள்ளிப் பாடமாயிற்று. அங்கே ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பக்கத்திலிருந்தோர் உதவி பெற்றவர்கள் 2001-ல் நூற்றுக்கு 21 பேர். 2010-ல் 45 பேர். ஒரு மாதத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 3.5-லிருந்து 10.8 ஆக உயர்ந்தார்கள். சிகிச்சையின் முன்னேற்றத்துக்கும் இதில் பங்குண்டு. எல்லோரும் பிழைப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. கைகட்டி நின்றால் அநேகமாக எவரும் பிழைக்க மாட்டார்கள் என்றே சொல்கிறோம்.

ஆலையின் முதலுதவிப் பெட்டி பயிற்சிச் சான்று பெற்றவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஒருவர் போதாது. ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு கிராமத்திலும் பலர் பழக வேண்டும். ஆலைச் சங்கங்கள் கூலி பிடிக்காத பயிற்சி நேரத்தைக் கேட்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை ஊருக்கு அழைக்கட்டும். பெண்கள் முன்வரிசையில் வரட்டும். வீட்டில் ஒருவர் விழுந்தால் அருகிலிருப்பவர் பெரும்பாலும் அவர்களே.

ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் தருவது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவதை நாம் ஒருநாளும் கைவிடோம். ஆனால் வண்டி வரும்வரை உயிரைப் பிடித்து வைக்க நம் கைகள் பழகட்டும்!