முதல் பாடத்தின் கூலி எங்கே?

மண்டியில் மூட்டை இறக்குகிறான் ஒரு தொழிலாளி. சரக்குக்காரர் முதல் மூட்டைக்கும் கூலி கொடுக்கிறார். கடைசி மூட்டைக்கும் கூலி கொடுக்கிறார். ஆனால் இடையில் நிற்கும் மேஸ்திரி, "முதல் மூட்டையின் கூலி முழுவதும் எனக்கு. மற்ற மூட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. உன்னை இந்தச் சரக்குக்காரரிடம் கொண்டுவந்து சேர்த்தவன் நானல்லவா?" என்கிறார். கேட்டுக்கொண்டு சும்மா இருப்போமா? அன்று மாலைக்குள் மண்டி வாசலில் கூட்டம் கூடும். மறுநாள் காலையில் மேஸ்திரி வேறு பாஷை பேசுவார்.

இது கற்பனை மேஸ்திரி. ஆனால் இந்தக் கணக்கு கற்பனையல்ல. இன்று உலகெங்கும் இணையத்தின் வழியாக மொழி கற்பிக்கும் ஆசிரியர்களின் தலையில் இதே கணக்குத்தான் எழுதப்படுகிறது. அங்கே மூட்டை இல்லை, மண்டி இல்லை, வியர்வை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே வாசலில் கூட்டமும் கூடுவதில்லை.

பிரெப்ளி என்ற நிறுவனம் 2012-இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலம், ஸ்பானிஷ், ஜெர்மன் என்று எந்த மொழி வேண்டுமோ அந்த மொழிக்கு ஓர் ஆசிரியரை அங்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாணவன் ஒரு நாட்டில், ஆசிரியர் இன்னொரு நாட்டில், நடுவில் திரை. பாடத்தின் விலையை ஆசிரியரே குறிக்கலாம் என்கிறது நிறுவனம். நல்லதுதான். ஆனால் அதன் விதியைப் படியுங்கள். ஒரு புதிய மாணவன் எடுக்கும் முதல் பாடத்தின் கட்டணம் முழுவதும், நூற்றுக்கு நூறும், நிறுவனத்துக்கே. அதற்குப் பிறகு நடத்தும் பாடங்களில் தொடக்கத்தில் நூற்றுக்கு 33 தரகு. ஆசிரியர் அங்கே மணிக்கணக்கில் பாடம் நடத்த நடத்தத் தரகு குறையும். 400 மணி நேரத்தைத் தாண்டிய பிறகுதான் நூற்றுக்கு 18 என்ற படியை எட்டலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாடம் ஒன்றுக்கு 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்த ஆசிரியை ஒருவரிடம் ஒரு மாணவன் ஐந்து பாடம் எடுத்துவிட்டு நின்றுவிடுகிறான். அவன் கொடுத்தது 50 டாலர். முதல் பாடத்தின் 10 டாலர் நிறுவனத்துக்கு. மற்ற நான்கு பாடங்களின் 40 டாலரில் 13 டாலர் 20 சென்ட் நிறுவனத்துக்கு. ஆக, பாடம் நடத்தியவருக்குக் கிடைப்பது 26 டாலர் 80 சென்ட். இடையில் நின்றவருக்கு 23 டாலர் 20 சென்ட். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி! முதல் பாடத்தோடு மாணவன் போய்விட்டால்? ஆசிரியைக்குக் கிடைப்பது சுழி. 400 மணி நேரம் உழைத்த மூத்த ஆசிரியருக்கும் புதிய மாணவனின் முதல் பாடத்தில் கிடைப்பது அதே சுழிதான்.

முதல் பாடம்தான் எல்லாவற்றிலும் கடினமான பாடம் என்பதைக் கற்பித்தவர்கள் அறிவார்கள். வந்தவன் யார், அவனுக்கு என்ன தெரியும், எதற்காகக் கற்க வருகிறான், எங்கே தடுமாறுகிறான் என்று அளந்து பார்ப்பது அந்தப் பாடத்தில்தான். அவன் மீண்டும் வருவானா மாட்டானா என்று தீர்மானமாவதும் அந்தப் பாடத்தில்தான். ஆக, நிறுவனத்துக்கு மாணவனை நிரந்தரமாகப் பிடித்துக்கொடுப்பது ஆசிரியரின் உழைப்பு. அந்த உழைப்புக்குத்தான் கூலி இல்லை!

நிறுவனத்தின் பக்கத்தையும் கேட்போம். "விளம்பரம் செய்கிறோம், பணம் வசூலிக்கிறோம், இயந்திர ஏற்பாடுகளை வைத்திருக்கிறோம், மாணவனைக் கொண்டுவரச் செலவாகிறது, அந்தச் செலவை முதல் பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்பார்கள். செலவு இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. தரகே கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் விளம்பரச் செலவு முதலாளியின் செலவு. ஆலை முதலாளி துணிக்கு விளம்பரம் செய்கிறார் என்பதற்காக நெசவாளியின் முதல் நாள் கூலியைப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? அந்தச் செலவால் வரும் லாபம் முதலாளிக்கு என்றால், அந்தச் செலவும் முதலாளிக்குத்தானே? இதே தொழிலில் இருக்கும் ஐடாக்கி என்ற நிறுவனம் நூற்றுக்கு 15 தரகிலேயே பல ஆண்டுகள் வளர்ந்தது. அதற்கும் விளம்பரம் உண்டு, வசூல் உண்டு, இயந்திரம் உண்டு. முதல் பாடத்தை விழுங்கினால்தான் தொழில் நடக்கும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

"பிடிக்காவிட்டால் போகலாமே, கட்டிப்போட்டா வைத்திருக்கிறோம்?" என்பது அடுத்த கேள்வி. போகலாம். ஆனால் எதை எடுத்துக்கொண்டு போவது? மாணவர்கள் கொடுத்த நட்சத்திர மதிப்பெண், எழுதிய பாராட்டு, நடத்திய பாடங்களின் கணக்கு எல்லாம் அந்த இடத்தோடு ஒட்டியவை. வெளியே காலெடுத்து வைத்தால், பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் மறுபடி முதல் படியில் நிற்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன கங்காணி, பற்று என்ற கயிற்றால் தொழிலாளியைக் கட்டினான். இன்றைய கங்காணி நட்சத்திரக் கயிற்றால் கட்டுகிறான். கயிறு மினுமினுக்கிறது என்பதால் அது கயிறு இல்லை என்று ஆகிவிடுமா?

இது கற்பிப்பவர்களின் கதை. பாடத்தை எழுதியவர்களின் கதை இன்னொன்று.

டுவோலிங்கோ என்ற பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். பச்சை ஆந்தைச் சின்னம் கொண்ட செயலி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து நிறுவனம். 2013-இல் அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தம் மொழியின் மேல் பற்றுக்கொண்டவர்கள் முன்வந்து பாடம் எழுதலாம். சம்பளம் இல்லை, தொண்டு. மொழிப்பற்று உள்ளவர்கள் திரண்டார்கள். ஐரிஷ், வெல்ஷ், எஸ்பராண்டோ எனப் பல மொழிகளுக்குப் பாடங்கள் இப்படித்தான் பிறந்தன. ஐரிஷ் மொழிக்குப் பாடம் எழுதிய தொண்டர்களுக்கு அந்நாட்டுக் குடியரசுத் தலைவராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் 2016-இல் வெளிப்படையாகப் பாராட்டுச் சொன்னார். அழிந்துவிடுமோ என்று அஞ்சப்படும் தாய்மொழியை அயலவர் கற்க வேண்டும் என்ற ஆசையில் இரவு கண்விழித்து உழைத்தவர்கள் அவர்கள்.

2021 மார்ச்சில் அந்தத் தொண்டுத் திட்டம் முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. ஒரு பங்கின் விலை 102 டாலர். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தொண்டர்களுக்கு வெறுங்கையை நீட்டவில்லை. அவர்களுக்குப் பகிர்ந்தளிக்க 40 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பெயர் விருது. கூலி அல்ல, பங்கு அல்ல, விருது! 2024-ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் வருமானம் ஏறத்தாழ 74 கோடியே 80 லட்சம் டாலர். கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது விருது. உழைத்தவன் கணக்குக் கேட்டு வாங்குவது கூலி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிற்சங்கத்தான் மறக்கக் கூடாது.

"அவர்கள் விரும்பித்தானே செய்தார்கள்?" என்று கேட்கலாம். விரும்பித்தான் செய்தார்கள். மொழிக்குச் செய்தார்கள். ஊர்க்கிணறு வெட்ட ஊரார் கூடி மண் சுமக்கிறார்கள், அது தொண்டு. கிணறு வெட்டி முடிந்ததும் ஒருவர் சுற்றுச்சுவர் எழுப்பி, வாளித் தண்ணீருக்கு விலை வைத்தால், சுமந்த மண்ணுக்குக் கணக்குக் கேட்பது பேராசையா?

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2024 தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் ஒப்பந்தப் பணியாளர்களில் நூற்றுக்கு 10 பேர் அளவுக்குக் குறைத்தது. 2025 ஏப்ரலில் அதன் தலைவர் லூயிஸ் வான் ஆன், செயற்கை நுண்ணறிவுக்கே முதலிடம் என்றும், அந்த இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு ஒப்பந்தக்காரர்களை வைத்துக்கொள்வது படிப்படியாக நிறுத்தப்படும் என்றும் எழுதினார். அதை ஒட்டியே 148 புதிய பாடத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. முதல் நூறு பாடத்திட்டங்களுக்கு 12 ஆண்டுகள் பிடித்தன. இவற்றுக்கு ஏறத்தாழ ஓராண்டே போதுமானதாக இருந்தது என்று பெருமையோடு சொன்னார்கள். நிரந்தர ஊழியரை நீக்க மாட்டோம் என்ற விளக்கமும் பின்னர் வந்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவனுக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்?

இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. இயந்திரத்தின் பலன் எவன் மடியில் விழுகிறது என்பதே நம் கேள்வி. அந்த முதல் நூறு பாடத்திட்டங்கள் மனிதர்கள் எழுதியவை. அவற்றின் மேல்தான் நிறுவனம் நின்றது. அடித்தளம் போட்டவனுக்கு மாடியில் இடமில்லை என்றால், அது முன்னேற்றமா, மோசடியா?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்த ஆசிரியர்கள் தொழிலாளர்கள் அல்ல, "சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள்" என்பதுதான் நிறுவனங்களின் கேடயம். வீட்டில் இருந்து வேலை செய்பவர். ஆகவே தொழிலாளி அல்ல என்ற இந்தப் பழைய பாட்டை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பீடி முதலாளிகள் பாடிய பாட்டு அது! இலையும் தூளும் வாங்கிச் சென்று வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றியவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். கழித்த பீடிக்குக் கூலி உண்டா இல்லையா என்ற தகராறைத் தீர்க்கவும் அது வழி செய்தது. திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்தவர் தொழிலாளி என்றால், அறையில் திரையின் முன் உட்கார்ந்தவர் யார்?

இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. செயலி வழியாக வேலை செய்வோரின் நலநிதிக்கு, நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை கட்ட வேண்டும் என்கிறது அது. அதன் அட்டவணையில் தொழில்முறைச் சேவைகளும் இடம்பெற்றுள்ளன. ஆகவே நம் நாட்டில் இருந்து கற்பிக்கும் ஆசிரியரும் அதற்குள் வருவார் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அது சேமநலச் சட்டம். கூலிக்கு அடிமட்டம் எது, தரகுக்கு உச்சவரம்பு எது என்று அது சொல்லவில்லை.

வரம்பு வைக்கவே முடியாதா? முடியும். வாடகைக் கார்ச் செயலிகளுக்கு மத்திய அரசு 2020-இல் வகுத்த நெறிமுறை, கட்டணத்தில் நூற்றுக்கு 80-ஆவது ஓட்டுநருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது. காரோட்டியின் கூலிக்கு எழுத முடிந்த கணக்கை ஆசிரியரின் கூலிக்கு எழுத முடியாதா? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இத்தகைய தொழிலாளர்க்கென ஒரு சட்ட ஆணையே பிறப்பித்து, 2026 டிசம்பர் 2-க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க வேண்டும் என்று காலம் குறித்தது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இவை சான்று.

நாம் கேட்பது அதிகமில்லை. முதல் பாடத்துக்கும் மற்றப் பாடங்களைப் போலவே கூலி வேண்டும். தரகு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. பாடம் எழுதியவரின் உழைப்பை விற்றாலும், இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டாலும், எழுத்து மூலமான ஒப்பந்தமும் பங்கும் வேண்டும். காரணம் சொல்லாமல், விசாரிக்காமல் ஒருவரின் கணக்கை மூடக் கூடாது. சங்கம் சேர்ந்து பேச வந்தால், பேச்சு நடத்த வேண்டும். இவற்றில் எது அநியாயம்?

தோழர்களே! இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். ஆலையிலும் பணிமனையிலும் உழைத்து நாம் படிக்கவைத்த பிள்ளைகள்தான் நாளை இந்தத் திரைகளின் முன் உட்காரப் போகிறார்கள். தனித்தனி அறையில் இருப்பவர்களுக்கு வாயிற்கூட்டம் இல்லை. பக்கத்தில் நிற்கும் தோழனின் முகம் தெரிவதில்லை. அதுதான் முதலாளியின் பலம். எட்டு மணி நேர வேலையும், வார விடுமுறையும் எப்படி வந்தன என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் இந்த வேலை செய்யும் பிள்ளை இருந்தால், இன்று மாலை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நீ நடத்திய முதல் பாடத்தின் கூலி எங்கே?"

அந்தக் கேள்வியில் இருந்து சங்கம் பிறக்கும்.