சிவப்பு ஊசிக்கு முன்னால் பத்து நிமிடம் பேசுங்கள்!



மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த அம்மா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், "சிவப்பு ஊசி" என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார். டாக்ஸோரூபிசின் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. அந்த நிறம் மட்டும் மறக்காது.

முதல் டோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். சாயங்காலம் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தம்தான் என்று வீடே பதறுகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்து ஓடினால், அங்கே ஒரே வரியில் பதில்: "அது மருந்தோட கலர்தாம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." அந்த ஒரு வரியைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

இதுவாவது வெறும் பயத்தோடு போகிறது. பத்து நாள் கழித்து வருவதுதான் நிஜமான ஆபத்து.

இந்த மருந்து ஏறிய பத்தாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வாக்கில்தான் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்வோம்? பக்கத்துக் கடையில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்போம். காலையில பாத்துக்கலாம் என்போம். கீமோ எடுப்பவருக்கு அந்தக் "காலையில பாத்துக்கலாம்" உயிரையே எடுத்துவிடும். 100.4 டிகிரி தொட்டால் அது அவசரநிலை. மாத்திரை போட்டு மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும் இந்த ஒரு தகவலும் போதும், எத்தனையோ வீடுகள் தப்பிக்கும்.

இன்னொன்று. ஊசி ஏறும்போது நரம்புக்கு வெளியே மருந்து கசிந்தால் சதை வெந்து புண்ணாகும், சில நேரம் தோல் ஒட்டும் ஆபரேஷன் வரைக்கும் போகும். கை எரிகிறது என்று அந்த நொடியே சொன்னால் நர்ஸ் நிறுத்திவிடுவார். ஆனால் நம் அம்மாக்கள் சொல்ல மாட்டார்கள். "கீமோன்னா எரியத்தான் செய்யும், பொறுத்துக்குவோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பொறுத்தே பழகியவர்கள். "எரிஞ்சா பொறுக்காதீங்கம்மா, கூப்பிடுங்க" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

இதயத்துக்கும் இந்த மருந்து கணக்கு வைத்திருக்கிறது. அதனால்தான் தொடங்கும் முன் எக்கோ எடுக்கிறார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தமாக ஏற்றும் அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். தாண்டினால் இதயம் பலவீனமாகும் வாய்ப்பு வேகமாக ஏறும். பல வருஷம் கழித்து நோய் திரும்பி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதுக்கு முன்னாடி எவ்வளவு ஏறியிருக்கு?" ஃபைல் வெள்ளத்தில் போயிருக்கும், வீடு மாறும்போது தொலைந்திருக்கும். பர்ஸில் வைக்கிற மாதிரி ஒரு டோஸ் அட்டை கொடுக்க எவ்வளவு செலவாகும்?

இளம் பெண்களிடம் கர்ப்பம், குழந்தை பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். ஊசிக்கு முன்னால் பேச வேண்டியதை எல்லாம் முடிந்தபிறகு பேசி என்ன பயன்?

"ரிஸ்க்கெல்லாம் சொன்னா பயந்து ஓடிடுவாங்க" என்று ஒரு வாதம் உண்டு. எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. சொல்லாமல் விட்ட ஆள்தான், முதல் டோஸில் மிரண்டு, பாதியில் நிறுத்திவிட்டு நாட்டு மருந்து தேடிப் போகிறார். (இந்தப் பதிவை வெட்டி "கீமோவே விஷம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட நினைப்பவர்களுக்கு: அரை நூற்றாண்டாக எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து இது. நாங்கள் பேசுவது மருந்தை எதிர்த்து அல்ல.)

சட்டமும் நோயாளி பக்கம்தான். சிகிச்சையின் தன்மை, பலன், முக்கியமான ஆபத்துகள், மாற்று வழி எல்லாவற்றையும் சொன்ன பிறகு கிடைப்பதுதான் சம்மதம் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடப்பது என்ன? ஆங்கிலப் படிவம், பேனாவை வைத்துப் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடம், மகனின் கையெழுத்து. நோயாளி வெளியே பெஞ்சில்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஓபி வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களுக்கு ஏது பத்து நிமிடம்? அந்த வேலைக்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருஷம் ஃபார்ம் டி படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ம் ஆண்டு மருந்தாளுநர் நடைமுறை விதிகளே சொல்கின்றன. கீமோ கொடுக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இவர்களில் ஒருவரை நியமியுங்கள் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. கூடவே படம் போட்ட ஒரு பக்கத் தமிழ்த் தாள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆடியோ, ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர்.

அதுவரைக்கும் நம் ஆட்கள் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பகுதியில் யாராவது கீமோவுக்குப் போனால் கூடப் போங்கள். அவர் கேட்கத் தயங்குவதை நீங்கள் கேளுங்கள்: எத்தனை டிகிரி காய்ச்சலுக்கு வரணும், யாருக்கு போன் பண்ணணும், இதுவரை எவ்வளவு ஏறியிருக்கு. பதிலைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம். அது புகார்ப் பதிவுக்கான எண். அவசரத்துக்கு 108தான்.

உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஊசிக்கு முன்னால் தமிழில் விளக்குகிறார்களா? கமெண்டில் ஊர் பெயரோடு சொல்லுங்கள், நோயாளி பெயர் வேண்டாம். திரட்டி மனுவாகக் கொடுக்கிறோம்.